தம்பி மகன் அணைத்த கற்பூரம்

தஞ்சோங் பகார் துறைமுகத்தை விட்டு வெளியே வந்து, டிராம் தண்டவாளத்தின் ஓரமாகக் கால் மைல் நடந்த பிறகுதான் வாயில் ரத்தம் வருவதைக் கவனித்தேன். உதடு உள்பக்கமாகக் கிழிந்திருந்தது. துப்பிவிட்டு நடந்தேன். மார்கழி மழை பிற்பகலிலேயே பிடித்துக்கொண்டிருந்தது. வலது தோளில் ஒரு துணி மூட்டை. அதற்குள் ஒரு வேட்டி, ஒரு தகரத் தட்டு, வெள்ளைக்காரர்களின் கிறிஸ்துமஸ் மலர்ப் புத்தகம் ஒன்று. இடது தோளில் எதையும் வைக்க முடியாது.

இப்போது பின்னால் யாரும் வரவில்லை. எழுபது கூலிகள் ஒன்றாகத் தங்கியிருந்த லயத்திலிருந்து என்னை அடித்துத் தள்ளியபோது ஒருவன்கூட எழுந்து நிற்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு ஊர்க் கடிதம் படித்துச் சொன்னவன் நான். எழுந்து நிற்காததற்காக அவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். ஊரில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டு ஓடியவன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் ஒரு வருடம் அலைந்து, சிங்கப்பூருக்கு வந்து, துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கரி ஏற்றும் கூட்டத்தில் சேர்ந்தேன். ஒரு கழி, நடுவில் கரிக்கூடை, முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். பலகைமேல் ஏறிக் கப்பலில் கொட்டிவிட்டு இறங்க வேண்டும். எனக்குப் பின்னால் கழி பிடித்தவன் ஒரு நெட்டையன். நான் குட்டை. பின்னால் நிற்பவன் உயரமாக இருந்தால் கூடை முன்னால் சரியும்; பாரம் முழுக்கக் குட்டையன் தலையில். இதைச் சொல்லி ஆளை மாற்றக் கேட்டேன்.

"ஏன் குள்ளா, நான் முட்டி போட்டு நடக்கவா?" என்றான் நெட்டையன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு நாள் பலகை நடுவில் பின்பக்கம் கழி விழுந்தது. கூடை என்னை இழுத்துக்கொண்டு போனது. கடலில் விழவில்லை, பலகையின் விளிம்பில் தொங்கினேன். இடது தோள் கழன்றது. நாட்டு வைத்தியன் ஒருவன் இழுத்துப் பொருத்தினான். அதன் பிறகு அந்தக் கை காதுக்கு மேலே ஏறவில்லை.

எங்கள் லயத்தில் வழக்குகளை ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டல்தான் தீர்ப்பார். தண்டல் என்றால் கூட்டத்துக்கு மேலாள், எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். பஞ்சாயத்துச் சொல்வதில் அவருக்கு அவ்வளவு ஆசை. அன்று மட்டும் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார். நெட்டையன் கழியை விட்டுவிட்டான் என்று நான் சொன்னேன். கால் வழுக்கியது என்று அவன் சொன்னான். தண்டல் வெற்றிலையை மென்றுகொண்டே, "வழுக்கினதுக்கு மனுசன் என்ன பண்ணுவான்? போங்க, போங்க" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

பத்து நாள் படுக்கலாம், அதற்குப் பிறகு கரிக்கு வரவேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்றார். கரிக்கூடைக்கு என் தோள் தாங்காது. அந்தப் பத்து நாளில்தான் கொலைக்கதை படிக்க ஆரம்பித்தேன்.

துறைமுக வாசலில் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். கப்பல் பயணிகள் விட்டுப்போகும் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாங்கி மிளகும் மல்லியும் கட்டிக் கொடுப்பார். அந்தக் கட்டில் பழைய கிறிஸ்துமஸ் மலர்கள் மூன்று கிடந்தன. அட்டையில் முள் இலையும் சிவப்புக் காயும். ஒவ்வொன்றிலும் ஒரு கொலை.

அந்தக் கதைகள் எனக்குப் பிடித்தன என்று யாரும் நினைக்க வேண்டாம். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. பெரிய வீடு, வெளியே பனி, உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் வாத்துக்கறி தின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்குள் ஒருவன் செத்துக் கிடப்பான். முதலில் வேலைக்காரனைப் பிடித்து உலுக்குவார்கள். அடுப்பு ஊதியவளை அழவைப்பார்கள். கடைசியில் கொன்றவன் மேசையில் உட்கார்ந்து தின்றவனாகவே இருப்பான். ஆனால் அழுதவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். மறுபடி தின்ன உட்கார்ந்துவிடுவார்கள். என் இங்கிலீஷுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை நானே கட்டி முடித்தேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல், மழையில் வேலையில்லாமல் கிடந்தவர்களுக்கு முதல் கதையைத் தமிழில் சொன்னேன். தண்டல் பாதியில் வந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா யாராச்சும் கொலை பண்ணுவானா?" என்றான் ஒருவன்.

"எங்க ஊர்ல தீபாவளிக்குத்தான் வெட்டிக்குவானுங்க. அன்னைக்குத்தானே எல்லாப் பயலும் வீட்ல இருப்பான்" என்றான் இன்னொருவன்.

"பனின்னா என்னா வாத்தியாரே, நம்ம மார்கழிப் பனியா?"

எனக்கும் தெரியாது. "சுண்ணாம்புத் தூள் மாதிரி இருக்கும். வீட்டைச் சுத்திக் கொட்டிக் கிடக்கும். மிதிச்சா காலடி பதியும்" என்றேன். சுண்ணாம்பைத் தாம்பூலத் தட்டில் தவிர நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் தண்டல் என்னைக் கயிற்றுக் கிடங்குக்கு அனுப்பினார். கயிறு சுற்றிவைக்கும் வேலை. ஒரு கையால் செய்யலாம். "அடுத்த வாரமும் ஒண்ணு சொல்லணும்" என்றார். கதை உள்ளவரை கிடங்கு. கதை தீர்ந்தால் கரி. இதை அவர் வாய்விட்டே சொன்னார்.

இங்கிலீஷ்ப் பேர்கள் அவர்களுக்கு நிற்கவில்லை. அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் லயத்தில் ஒருவனை நிறுத்தினோம். பிணமாக நிற்க யாரும் சம்மதிக்கவில்லை. ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்ட ஒருவன் பேரைப் பிணத்துக்குக் கொடுத்தோம். துப்பறிகிறவனை யாருக்கும் பிடிக்கவில்லை. "இவன் யாரு தனியா மூலையில நின்னு யோசிக்க? சபையில கூப்பிட்டுக் கேட்டா ஆச்சு" என்று தண்டலே நாற்காலியில் உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது கதையில்தான் வந்தது வினை. பணக்காரக் கிழவர் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அறைக்குள் செத்துக் கிடக்கிறார். வீட்டிலிருந்து கிணற்றுவரை பனியில் ஒரு வரிசைக் காலடி போகிறது; திரும்பி வரவில்லை. அதற்குப் படமும் போட்டிருந்தது. சந்தேகம் மூன்று பேர்மேல்: வைத்தியர், பட்லர், கிழவரின் தம்பி மகன். அந்தத் தம்பி மகன் குதிரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்து, ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாதவன். வைத்தியனாக லயத்துச் சமையல்காரனை நிறுத்தினோம். பட்லராகப் பெருக்குகிறவன். தம்பி மகனாக நெட்டையன் தானே வந்து நின்றான். ஒரு துடைப்பக் கட்டையை ஊன்றி நொண்டிக் காட்டினான்.

மலரில் கடைசி எட்டுப் பக்கங்கள் இல்லை. நானா அவற்றில் மிளகு கட்டிவிட்டார். எனக்கு இது முதலிலேயே தெரியும். முடிவில்லாத கதை என்று சொன்னால் மறுநாள் கரி. அதனால் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு, கதை முடிகிற இடத்துக்கு முன்னால் நிறுத்தினேன். தண்டலுக்குப் பொறுக்கவில்லை. "மூணு பேரும் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். குத்தமுள்ளவன் கை நடுங்கும்" என்றார். எங்கள் பஞ்சாயத்தில் அதுதான் கடைசிச் சாட்சி. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை; பொய்யாக அணைத்தவனின் குலம் விளங்காது.

சமையல்காரன் பின்வாங்கினான். "கதைக்கெல்லாம் சாமியை இழுக்காதீங்கண்ணே, நான் புள்ளகுட்டிக்காரன்." பெருக்குகிறவன் எழுந்தே போய்விட்டான். நெட்டையன்தான் சிரித்தான். "பயந்தாங்கொள்ளிப் பயலுங்க. கொண்டாங்க இப்படி" என்று கற்பூரத்தை அடித்து அணைத்தான். "நான் கொல்லலை. போதுமா?"

எனக்கு ஒரு வாரம் இருந்தது. முடிவை நானே கட்ட வேண்டும். மூன்று பேரில் யாரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கிடங்கில் கயிறு சுற்றும்போதெல்லாம் தோள் வலித்தது. யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு மலரைப் பிரித்துவைத்து, இல்லாத பக்கத்தைப் படித்தேன். "கொன்றவன் தம்பி மகன்."

யாரோ, "நொண்டி எப்படிக் கிணத்தடி வரைக்கும் போனான்?" என்று கேட்டான்.

"கோலை ஊன்றிக்கிட்டுத்தான் போனான்" என்றேன். காலடி திரும்பி வராததற்கு என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. யாரும் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. எல்லோரும் நெட்டையனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். "அட, கதைதானே."

"கற்பூரம் கதையில்லியே" என்றான் சமையல்காரன்.

அன்றிரவுச் சோற்றுக்கே ஆரம்பித்துவிட்டது. பொய்ச் சத்தியம் பண்ணியவனோடு ஒரே பானையில் சாப்பிட மாட்டோம் என்றார்கள். எட்டு நாள் தனிச்சோறு என்று தண்டலும் தீர்ப்புச் சொன்னார். முதலில் விளையாட்டாகத்தான் சொன்னார். மறுநாள் அவனோடு கழி பிடிக்க எவனும் வரவில்லை. ஆளில்லாமல் திரும்பி வந்து படுத்தான். நான் கிடங்கு வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை: நன்றாகவே இருந்தது.

புதன்கிழமை அவனுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. படிக்க என்னைத் தவிர ஆளில்லை. பையனுக்குக் காய்ச்சல், மூன்று வயதுப் பிள்ளை, சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கடிதத்தில் போட்டிருந்த தேதி அவன் கற்பூரம் அணைத்த நாளுக்கு இரண்டு வாரம் முந்தியது. காய்ச்சலுக்கும் சத்தியத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். தேதியைப் படிக்காமல் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் விடியற்காலை குழாயடியில் வந்து என் முன் நின்றான்.

"குள்ளா, அந்தப் புத்தகத்துல நல்லாப் பாத்தியா? அவன்தான் கொன்னானா?"

"நீ கழியை விட்டியா, வழுக்குச்சா?"

ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினான். பிறகு சொன்னான், "விட்டேன். பலகை ஆடுச்சு. விடலேன்னா நானும் போயிருப்பேன். போதுமா?"

"சபையில சொல்லு."

சொன்னான். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் நடுவில் நின்று, கழியைத் தெரிந்தேதான் விட்டேன் என்றான். தண்டல் முகம் கறுத்தது. அவர் சொன்ன பழைய தீர்ப்பு பொய்யாகிவிட்டதல்லவா. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நெட்டையன் நிறுத்தவில்லை. மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன், என் பிள்ளையை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று மூக்கு ஒழுக அழ ஆரம்பித்தான். என்னைப் பார்த்துக் கைகூப்பினான். எனக்கு இரக்கம் வரவில்லை, அருவருப்பாக இருந்தது. அவன் நிறுத்தினால் போதும் என்றுதான் சொன்னேன்:

"முடிவுப் பக்கமே இல்ல. நானாக் கடையில மிளகு கட்டியாச்சு. தம்பி மகன்னு நானேதான் கட்டிச் சொன்னேன். கடிதாசி தேதியும் நீ சத்தியம் பண்றதுக்கு முந்தினது."

அழுகை நின்றது. தண்டல் எழுந்தார். ஒரே மணி நேரத்தில் அவருடைய இரண்டு தீர்ப்புகள் பாழாகிவிட்டன.

"இல்லாத கொலைக்கு என்னைத் தீர்ப்புச் சொல்ல வச்சியாடா?" என்று வாயிலேயே அறைந்தார். அடுத்த அடியில் நான் வாசலில் கிடந்தேன். மூட்டை பின்னால் வந்து விழுந்தது.

நான் எழுந்து நடக்கும்போது நெட்டையன் மட்டும் மழையில் கொஞ்ச தூரம் வந்தான். "அப்ப என் சத்தியம் நெசமா, பொய்யா?"

"தெரியாது."

"காய்ச்சல் முந்தி வந்திருக்கலாம். இனிமே வர்றது? கற்பூரம் அணைச்சது அணைச்சதுதானே? நானாகிட்டப் போய்க் கேட்டாலும், அந்தக் காயிதம் எந்த வீட்டு அடுப்புக்குப் போச்சோம்பாரு. தெரிஞ்சு சொல்லுடா, தேவடியா மவனே!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வடக்கே நடந்தேன். வெள்ளைக்காரன் கடை ஒன்றின் கண்ணாடிக்குள் பஞ்சைப் பிய்த்துப் பரப்பிப் பனி என்று வைத்திருந்தார்கள். மழையில் நின்று பார்த்தேன். பஞ்சில் காலடி பதியாது. காவற்காரன் கம்பைக் காட்டி விரட்டினான். தேக்காவுக்கு அப்பால், சிராங்கூன் சாலையில் ஒரு மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் படுத்தேன். பால்காரர்கள் திட்டினார்கள், ஆனால் எழுப்பவில்லை.

விடிந்ததும் சுண்ணாம்புக் கம்பத்தில், அதாவது சுண்ணாம்பு சுடுகிறவர்களின் குடியிருப்பில், வேலை கேட்டேன். பவளக்கல்லைக் காளவாயில் சுட்டு, தண்ணீர் தெளித்துப் பூக்கவைத்து, சலித்து, பெரிய தரையில் பரப்பியிருப்பார்கள். அவ்வளவு சுண்ணாம்பை அன்றுதான் பார்த்தேன். மேஸ்திரி வயதானவர், ஒரு கால் விளங்காதவர். கம்பை ஊன்றிக்கொண்டு என்னைச் சுற்றிவந்து பார்த்தார்.

"தோள் என்னா, கோணலா இருக்கு?"

"துறைமுகத்துல போச்சு."

"துறைமுகத்துல போனதெல்லாம் இங்கதான் வருது. வலது தோள்ல சுமப்பியா?"

"சுமப்பேன்."

"சுமக்கலேன்னா மத்தியானமே போயிடணும். சாக்கைக் காலில கட்டிக்க. வெறுங்கால வச்சே, தோல் உரிஞ்சிடும்."

சொல்லிவிட்டுச் சுண்ணாம்புப் பரப்பின் குறுக்கே நொண்டி நொண்டிப் போனார். நான் சாக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போன தடத்தையே பார்த்தேன். ஒவ்வொரு காலடிக்கும் பக்கத்தில் வட்டமாக ஒரு குழி. கம்பு ஊன்றிய குழி.

மூட்டையைப் பிரித்து மலரை எடுத்தேன். ஓரம் நனைந்திருந்தாலும் படம் கெடவில்லை. வீட்டிலிருந்து கிணற்றுவரை பூட்ஸ் காலடிகள். பக்கத்தில் ஒன்றுமில்லை. ஒரு குழிகூட இல்லை. அந்தப் படத்தை எழுபது பேர் கைமாற்றிப் பார்த்தோம். கோல் இல்லாமல் நிற்க முடியாதவன் அந்த வழியாகப் போகவே முடியாது என்பது ஒருவன் கண்ணிலும் படவில்லை. கோலை ஊன்றிப் போனான் என்று சொன்ன என் கண்ணிலும் படவில்லை. கொன்றது வைத்தியனோ பட்லரோ, காலடி ஏன் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாசலில் ஒரு மாட்டுவண்டியில் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். தஞ்சோங் பகாரில் ஒரு கிடங்குக் கட்டடத்துக்கு என்றான் வண்டிக்காரன்.

"அங்க கரி ஏத்துற கூட்டத்துல ஒரு நெட்டையன் இருப்பான். எல்லாரையும்விட ஒரு முழம் உசரம். அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னான்னு?"

"தம்பி மகன் கொல்லலை. பனியில கோல் தடம் இல்ல."

வண்டிக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "யாரு தம்பி மகன்? எங்க கொலை? போலீசு கீலீசு வருமா?"

"ஒண்ணும் வராது. அவனுக்குப் புரியும்."

"யார் சொன்னான்னு கேட்டா?"

"குள்ளன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தையும் சொல்லாதே. நல்லா இருக்கானான்னுகூடக் கேக்காதே."

"சரிதான், உனக்கும் அவனுக்கும் நல்ல ஒட்டுறவு" என்று மாட்டைத் தட்டினான்.

வண்டி சாலையில் ஏறியதும் மேஸ்திரி கத்தினார். "ஏ துறைமுகம்! படம் பாக்கவா வந்தே?"

சாக்கு ஒற்றை மடிப்புதான், கீழிருந்து சூடு ஏறியது. மலரின் பக்கங்களைக் கிழித்து மடித்துப் பாதத்துக்கு அடியில் வைத்தேன். முள் இலை அட்டை ஒரு காலுக்கு, காலடிப் படமும் இன்னும் நாலைந்து தாள்களும் மற்றதற்கு. மேலே சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கினேன். முதல் கூடையை வலது தோளில் ஏற்றிவிட்டார்கள். மத்தியானம்வரை சுமந்தேன். மத்தியானத்துக்குப் பிறகும் போகச் சொல்லவில்லை.